கோவம் ஒண்டுமில்ல தம்பி

பேய், ஆவி என்று யாராவது வாய் திறந்தால் எழுந்து போகிற ஆள் நான். எங்கள் கரையில் அந்தக் கதைக்குக் குறைவில்லை. வலையை அடியிலிருந்து யாரோ இழுத்தார்கள் என்று காய்ச்சலில் படுத்தவன், செத்துப்போனவனோடு கரையில் பீடி குடித்தவன், எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். இரவு குடித்த கசிப்பு பகலில் பேசுது என்று அவர்கள் முகத்துக்கு நேரேயே சொல்லியிருக்கிறேன். ஆகவே நீங்கள் என்னை நம்பாவிட்டால் நான் குறை நினைக்க மாட்டேன், உங்கள் இடத்தில் நான் இருந்தால் பாதியிலேயே கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பியிருப்பேன்.

என் பெயர் சேவியர். முந்தல் பக்கம் ஒரு அரச அலுவலகத்தில் லிகிதர். வருடா வருடம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு நடக்கிற கலை இலக்கியப் போட்டிக்கு வருகிற ஆக்கங்களைப் பதிகிற வேலை என் தலையில்தான். சிறுகதை, பாடல், சித்திரம் என்று மூன்று பிரிவு. பிள்ளையின் பெயரும் பாடசாலையும் ஒட்டின கடித உறைக்குள் இருக்கும், முடிவு வரும்வரைக்கும் அதை உடைக்கக் கூடாது. நான் ஆக்கத்துக்கு ஒரு இலக்கம் போட்டு, தலைப்பை மட்டும் பதிவேட்டில் எழுதுவேன். பெயர் தெரியாது, முகம் தெரியாது, தலைப்பு மட்டும் தெரியும்.

ஒரே தலைப்பு திரும்பத் திரும்ப வருவதும் எனக்குப் புதிதில்லை. ஒரு வருடம் ‘அம்மா’ என்ற தலைப்பில் கதை பதினொன்று, பாடல் ஆறு, சித்திரத்தை எண்ணவே இல்லை. பிள்ளைகளுக்கு என்ன, அம்மா, மழை, எங்கள் கடல், அதைத் தாண்டினால் போதைப்பொருள். தலைப்பைப் பார்த்தே அது எந்த டீச்சரின் கைவேலை என்று சொல்லிவிடுவேன்.

போன வருடத்துக்கு முந்தின வருடம் இப்படித்தான் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு காலையில் பதிந்துகொண்டிருந்தேன். பத்து மணி இருக்கும். ஒரு சித்திரம் வந்தது. பின்பக்கத்தில் தலைப்பு, ‘சிவப்பு லைட் ஏழு’. எனக்குக் கோபம்தான் வந்தது. தமிழ்ப் போட்டிக்கு லைட்டா, விளக்கு என்று ஒரு சொல் இருக்கிறது என்று அந்த டீச்சருக்குத் தெரியாதா என்று பக்கத்து மேசைக்காரியிடம் கத்தினேன். அதற்குள் உள்ளே ஏதோ குத்தியது, ஆனால் நான் அதைக் கவனிக்கவில்லை என்று எனக்கே நடித்தேன். எழுதி இலக்கம் போட்டேன். கொஞ்சம் கழித்து ஒரு சிறுகதை வந்தது, ‘சிவப்பு லைட் ஏழு’. அதையும் எழுதினேன். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன் பாடல் பிரிவு. அதற்குப் பென்டிரைவில் பாடிக் கொடுக்க வேண்டும், கூடவே வரிகளை எழுதின தாள். தாளின் தலையில் ‘சிவப்பு லைட் ஏழு’. எழுதாமல் பேனையைக் கீழே வைத்தேன்.

ஏனென்றால் அந்த மூன்று சொல்லையும் உலகத்தில் நான் ஒருவன்தான் வாசித்திருந்தேன். அனுப்பியவன் உயிரோடு இல்லை.

என் தம்பி நிக்சன். அவன் காணாமல் போன கதை எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும், ஒரு பகுதி மட்டும் தெரியாது. அந்தப் பகுதியைத்தான் இப்போது எழுதுகிறேன்.

அவனுக்குப் பெண்பிள்ளை பிறந்து ஞானஸ்நானம் வைத்தான். மூத்த அண்ணன் நான் இருக்கிறேன், ஞானத்தகப்பனாக என்னைக் கேட்பான் என்று வெள்ளைச் சட்டைகூடத் தைத்து வைத்திருந்தேன். அவன் தன்னுடைய முதலாளியைக் கேட்டான், வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் சொந்தக்காரன். சொந்தபந்தம் எல்லாம் பார்த்திருக்க நான் கோயிலில் கடைசி வாங்கில் இருந்தேன். இது உங்களுக்குச் சின்ன விஷயமாகப் படலாம். எங்களுக்குச் செருப்பால் அடித்த மாதிரி. அன்றையிலிருந்து அவனோடு கதைக்கவில்லை. அடுத்த கிழமை நான் மோட்டார்சைக்கிளில் விழுந்து இடதுகால் உடைந்தது, முழங்கால்வரை மாவுக்கட்டு. அவன் பார்க்க வந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தேன்.

மார்கழி, வாடைக் காற்றுக் காலம். ஒருநாள் பொழுதுபடுகிற நேரம் சந்தித் தேத்தண்ணிக் கடையில் ஒரு கதிரையில் நானும் மறு கதிரையில் என் கட்டுப்போட்ட காலுமாக இருந்தேன். நிக்சன் கோல் எடுத்தான். வெட்டினேன். திரும்ப எடுத்தான். திரும்பவும் வெட்டினேன். பிறகு ஒரு மெசேஜ் வந்தது. பழைய பட்டன் போன். திறந்தேன். ‘சிவப்பு லைட் ஏழு’. அவ்வளவுதான்.

அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நானும் படிப்பை விட்டுவிட்டு அப்பாவோடு மூன்று வருடம் கடலுக்குப் போனவன். மாம்புரிக் கரையில் மின்சாரக் காற்றாடிக் கோபுரங்கள் வரிசையாக நிற்கின்றன இல்லையா, பொழுதுபட்டால் உச்சியில் சிவப்பு விளக்கு எரியும். கரையில் நின்றால் நிறைய. கடலுக்குள் போகப் போக ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறையும், இடத்துக்கு இடம் எண்ணிக்கை மாறும். அதை எண்ணித்தான் இப்போது எங்கள் ஆட்கள் எங்கே நிற்கிறோம் என்று கண்டுபிடிப்பார்கள். ஏழு என்றால் மாம்புரிக்கு நேரே, பாரின் வெளி விளிம்பில். பார் என்பது கடலடியில் கிடக்கிற கல்திட்டு. அதாவது எஞ்சின் நின்றுவிட்டது, நான் இங்கே கிடக்கிறேன், ஆளை அனுப்பு. ரோசலினுக்கு, அவன் மனைவிக்கு, அனுப்பினால் விளங்காது என்றுதான் எனக்கு அனுப்பினான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா. ஞானத்தகப்பனைக் கூப்பிடு, அவன் வந்து இழுப்பான் என்று வாய்க்குள் சொன்னேன். அந்த நேரம் கடல் அமைதிதான், சத்தியமாகச் சொல்கிறேன். அப்போது இன்னொரு மெசேஜ் வந்த சத்தம் கேட்டது. அதைத் திறக்கவேயில்லை. அவன் பெயரில் இருந்த எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

எட்டு மணிபோல வாடை எழும்பியது. கடைத் தகரம் அடிக்கத் தொடங்கினபோதுதான் அவனுக்குக் கோல் எடுத்தேன். அவன் போன் வேலை செய்யவில்லை.

காலையில் ஊர் கரையில் நின்றது. தெற்கால போறன் எண்டுதான் சொன்னவர் என்று ரோசலின் சொன்னாள், அவனுடைய வழக்கமான இடம் தெற்கு. வள்ளங்கள் எல்லாம் தெற்கே போயின. “உனக்குக் கோல் ஏதும் வந்ததா?” என்று முதலாளி கேட்டார். இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது, வெட்கமா பயமா, வாயில் அதுதான் வந்தது. வடக்கேயும் பாருங்கள் என்று ஒருதரம் சொன்னேன், மெதுவாகச் சொன்னேன், காலில் கட்டோடு நின்ற என்னை யார் கேட்கிறது. அடுத்த நாள் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொன்னால் ஏன் நேற்றுச் சொல்லவில்லை என்பார்கள். மூன்றாம் நாள் அது இன்னும் பெரிதாகிவிட்டது. அப்படியே நாலு வருடம் போய்விட்டது.

நாலு வருடமும் ரோசலின் துக்க உடுப்பு உடுத்தவில்லை. பங்குச் சுவாமி வந்து முப்பத்தோராம் நாள் பூசையாவது வைப்போம் என்று கேட்டார். “செத்தவருக்குத்தானே சுவாமி பூசை. இவர் செத்தார் எண்டு ஆர் கண்டது?” என்றாள். கடல் எல்லை தாண்டிப் பிடிபட்டவர்களின் பெயர் பேப்பரில் வந்தால் அவன் படத்தையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கொழும்புக்குப் போவாள். போகிறபோது, “அத்தான், பெயரைப் பிழையா எழுதியிருப்பாங்கள், இது அவராத்தான் இருக்கும்” என்பாள். நான் பஸ்ஸுக்கு ஏற்றிவிடுவேன். ஏற்றிவிட்டுக் கந்தோருக்கு வந்து தலைப்புகள் பதிவேன். இப்படிப்பட்ட மனிதன்தான் நான்.

இப்போது திரும்பவும் அந்த மேசைக்கு வருகிறேன்.

மூன்று ஆக்கங்களையும் எடுத்துக்கொண்டு ஆவணங்கள் வைக்கிற அறைக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். சித்திரத்தில் கடல், இருட்டுகிற வானம், ஏழு சிவப்புப் புள்ளி. சமமாக இல்லை. இடப்பக்கம் இரண்டு, பெரிய இடைவெளி, பிறகு ஐந்து. கதை ஒன்றரைப் பக்கம். வள்ளத்தில் தனியாக இருக்கிற ஒருவன் கரையைப் பார்க்கிறான், வேறொன்றும் நடக்கவில்லை. அதில் ஒரு வசனம், ‘கோயில் சிலுவை நாலாவது லைட்டுக்குக் கீழே வந்து நின்றது’. பாட்டின் வரிகளைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாசித்தேன். இரண்டாம் அடியில், ‘ஆறு பாகத்தில் கல்லைக் கட்டினேன்’. கடலில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம், இரண்டு கையும் விரித்தால் ஒரு பாகம். கல்லைக் கட்டுவது என்றால் நங்கூரம் போடுவது.

கடல்காரனுக்கு ஒரு இடத்தைப் பிடிக்க மூன்று விஷயம் வேண்டும். கரையில் ஒரு குறி, அதைக் குறுக்கே வெட்டுகிற இன்னொரு குறி, அடியில் ஆழம். ஏழு என்று மட்டும் தெரிந்தால் ஒரு நீளமான கோட்டில் எங்கேயும் தேடலாம். சித்திரம் ஒரு குறியைத் தந்தது, கதை மறுகுறியைத் தந்தது, பாட்டு ஆழத்தைத் தந்தது. ஒன்றை விட்டாலும் இடம் கிடைக்காது.

சட்டத்தை மீறி உறைகளை உடைத்தேன். சித்திரம் முந்தலில் ஒரு பாடசாலை. பாட்டு மாம்புரி. கதை மதுரங்குளி, பத்தாம் வகுப்புப் பிள்ளை. அந்தத் தலைப்பில் ஒரு நாடகமோ படமோ பாட்டோ எங்கேயாவது வந்து பிள்ளைகள் கொப்பியடித்திருக்க வேண்டும் என்று இரண்டு நாள் போனில் தேடினேன். தேடாத இடமில்லை. பிறகு மதுரங்குளிக்குப் பஸ் ஏறினேன்.

பிள்ளையின் பெயர் ஷஹ்னா. உம்மா கதவடியில் நிற்க, போட்டி சம்பந்தமாக ஒரு சந்தேகம் என்று கேட்டேன்.

“கடலுக்குப் போறவங்க யாரும் வீட்டுல இருக்காங்களா மகள்?”

“இல்ல சேர். வாப்பாக்கு ஹாட்வெயார் கடை.”

“பிறகு இந்தச் சிலுவை, லைட்டெல்லாம் எப்படி எழுதினீங்க?”

“தெரியா சேர். எழுதக்கொள்ள அப்படித்தான் வந்திச்சி. தலைப்ப மாத்தச் சொல்லி டீச்சரும் ஏசினாங்க. மாத்திப் பாத்தேன் சேர், கத வேற யாருடையதோ மாதிரி இருந்திச்சி. அதான் திருப்பிப் போட்டேன்.”

மற்ற இருவரையும் போனில் பிடித்தேன். அவர்களுக்குள் ஒருவரை ஒருவர் தெரியாது. ஏன் ஏழு என்று கேட்டதற்கு அவர்களும் அப்படித்தான் வந்தது என்றார்கள்.

கடல் தணிந்ததும் கற்பிட்டியில் என் கூட்டாளி பைரூஸைக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் கடலட்டை பிடிக்க மூழ்கிச் சுழியோடுகிறவன். காலை எட்டு மணி, நல்ல வெயில், பகலில் விளக்குத் தெரியாது, கோபுரங்கள் தெரியும்தானே. படத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் வடக்கே, கொஞ்சம் வெளியே என்று வள்ளத்தைத் திருப்பினேன். ஐந்து கோபுரம் ஒரு பக்கம், இரண்டு ஒரு பக்கம் பிரிந்து நின்ற இடத்தில் சிலுவை நாலாவதின் கீழே வந்தது. கயிறு விட்டுப் பார்த்தேன். ஆறு பாகம்.

பைரூஸ் இறங்கினான். மூன்றாம் தரம் மேலே வந்தபோது கையில் பைபர் துண்டு ஒன்று இருந்தது. வள்ளத்தின் முன்பக்கம், பதிவு இலக்கம் பாதி அழிந்து பாதி இருந்தது. நிக்சனின் வள்ளம். வலை சுற்றிப் பாரின் இடுக்கில் சிக்கிக் கிடக்கிறது என்றான். வேறொன்றும் இல்லை என்றும் சொன்னான். நாலு வருடத்துக்குப் பிறகு வேறென்ன இருக்கப் போகிறது.

“இந்த எடத்த எப்படிக் கண்டீங்க சேவியரண்ணன்?” என்று கேட்டான். படத்தைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தான். “அல்லாதான் அறிவான்” என்று சொல்லித் திருப்பித் தந்தான்.

அந்தத் துண்டை ரோசலினின் முற்றத்தில் வைத்தேன். அவள் இலக்கத்தை விரலால் தடவினாள். அழவில்லை. அலுமாரியிலிருந்து கறுப்புச் சேலையை எடுத்தாள், நாலு வருடமாக வாங்கி வைத்திருந்திருக்கிறாள், அது எனக்குத் தெரியாது. பூசை நடந்தது. பிள்ளைகளின் கையால் ஆண்டவர் வழி காட்டினார் என்று சுவாமி பிரசங்கம் வைத்தார். தம்பிமேல் இப்படிப் பாசமா என்று சனம் என் கையைப் பிடித்தது. நான் கையைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். முதல் சொன்ன பொய்யைவிட அது கேவலம்.

சரி, முடிந்தது, கேட்டதைக் கொடுத்துவிட்டேன், இனி விடுவான் என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் பெட்டி வந்தது. பாதிப் பெட்டி ஒன்றுமில்லை, அம்மா, மழை, எங்கள் கடல். பிறகு ஒரு பாட்டு. ‘அண்ணாவுக்கு இன்னும் கோவமா’. அதற்குப் பிறகு ஒரு கதை, ‘அண்ணாவுக்கு இன்னும் கோவமா’. நான் பெட்டிக்குள் கையை விட்டு மிச்சத்தை மேசையில் கொட்டினேன். அடியில் கிடந்தது சித்திரம், அதே தலைப்பு.

திறக்காமல் அழித்த மெசேஜ் ஒன்று இருந்தது என்று சொன்னேன் அல்லவா. அதில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது. ரோசலினுக்குத் தெரியாது. எஞ்சின் கொடுத்த முதலாளிக்கும் தெரியாது. ஆபத்தில் கிடந்தவன் அந்த நேரத்தில் என்ன அனுப்பியிருப்பான் என்று ஐந்து வருடம் யோசித்திருக்கிறேன், வேகமாக வா என்று இருக்கும், தண்ணி ஏறுது என்று இருக்கும் என்று. இப்படி ஒன்று இருக்கும் என்று மட்டும் ஒருநாளும் நினைக்கவில்லை.

சித்திரத்தில் கடல் இல்லை. ஒரு தேத்தண்ணிக் கடை. ஒருவன் இருக்கிறான், அவனுடைய இடதுகால் வெள்ளைக் கட்டோடு மறு கதிரையில். கையில் போன், அதன் வெளிச்சம் முகத்தில் விழுகிறது. முகம் சரியாக வரையப்படவில்லை, ஆறாம் வகுப்புப் பிள்ளைதானே. பிறகு உறையை உடைத்து அந்தப் பிள்ளையையும் தேடிப் போனேன். “வெள்ளைத் தாள் குடுத்தாங்க சேர், வரைஞ்சன்” என்றது. அது எங்கள் ஊருக்கு வந்ததே கிடையாது.

அந்தச் சித்திரத்தை ஒளிக்கத்தான் நினைத்தேன். ஆனால் வந்த ஆக்கங்களைப் பக்கத்து மேசைக்காரியும் எண்ணி வைத்திருந்தாள், ஒன்று குறைந்தால் கேள்வி வரும். கெட்ட காலம், நடுவர்கள் அதற்கு முதலிடம் கொடுத்தார்கள். பரிசளிப்பு நாளில் எல்லாம் மண்டபச் சுவரில் தொங்க வேண்டும். நான் அதைக் கதவுக்குப் பின்னால், யாரும் பார்க்காத மூலையில் மாட்டினேன்.

அன்றைக்கு முன்பள்ளிப் பிள்ளைகளின் நடனமும் இருந்தது. ரோசலின் மகளோடு வந்திருந்தாள். பிள்ளை உடுப்பு மாற்ற இடம் தேடிக் கதவுக்குப் பின்னால் போயிருக்கிறார்கள். நான் தேடிப் போனபோது அவள் படத்துக்கு முன்னால் நின்றாள்.

“அத்தான், இது நீங்கதானே.”

படத்தைக் கழற்றக் கை நீட்டினேன்.

“இந்தக் கால். அவர் காணாமப் போன மாசம்தானே கட்டுப் போட்டிருந்தீங்க. சந்திக் கடையிலதானே நாள் முழுக்க இருப்பீங்க.” படத்தின் போனைத் தொட்டாள். “ஆர் கோல் எடுத்தது?”

சொன்னேன். மேடையில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது, பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது, நான் சொல்லி முடித்தேன். கோலை வெட்டினது, ஏழு என்று வாசித்தது, தெற்கே போன வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது, எல்லாம். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“ரெண்டாவதுல என்ன இருந்திச்சு?” என்று கேட்டாள்.

“வாசிக்கல்ல” என்றேன். சொல்லிவிட்டுப் படத்துக்குக் கீழே ஒட்டியிருந்த தாளைக் காட்டினேன். நானே என் கையெழுத்தில் எழுதி ஒட்டிய தலைப்பு. அவள் அதை மெதுவாக எழுத்துக்கூட்டுகிற மாதிரி வாசித்தாள். எனக்குத் தெரிந்து அன்றைக்குத்தான் அவள் நிக்சனுக்காக அழுதாள்.

“அப்ப பதில் சொல்லுங்க” என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. வேறு யாரிடமும் சொல்லவும் இல்லை. கோயிலில் சனம் இன்னும் என் கையைப் பிடிக்கிறது, அவள் இரண்டு வாங்குக்கு முன்னால் நின்று திரும்பிப் பார்க்காமல் இருக்கிறாள்.

பதில் எங்கே அனுப்புவது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கல்லறை கிடையாது, இருந்தாலாவது போய் நின்று சொல்லலாம். அவனுடைய நம்பர் எப்போதோ செத்துவிட்டது. பூசை ஒப்புக்கொடுத்தேன், மனதுக்கு அது போய்ச் சேர்ந்த மாதிரி இல்லை. அவன் எனக்கு எழுதினதெல்லாம் தலைப்பில்தான் வந்தது, கதைக்கு மேலே, பாட்டுக்கு மேலே, படத்துக்குக் கீழே. திரும்பிப் போகவும் அந்த ஒரு வழிதான் இருக்கும் என்று எனக்குப் பட்டது. அதனால்தான் வாழ்க்கையில் ஒரு வரி எழுதாத நான் இதை எழுதி, என் பதிலை மேலே தலைப்பாக வைத்திருக்கிறேன். அவன் லைட் என்று எழுதினவன், அவனுக்கு விளங்குகிற மாதிரியே வைத்தேன்.

இந்த வருடப் பெட்டி வந்து ஒன்பது நாள் ஆகிறது. மேசைக்குக் கீழே, என் காலடியில் இருக்கிறது. ஏன் இன்னும் பதியவில்லை என்று இன்றைக்கும் கேட்டார்கள். நான் இன்னும் திறக்கவில்லை.